பூரி பிரஸ் விற்குமுன் எந்த மாவுக்கு என்று கேட்போம்

மளிகையோடு பாத்திரமும் வைத்து விற்கும் நம் கடைகளுக்குத் திரும்பி வரும் சரக்குகளில் பூரி பிரஸ்ஸும் ஒன்று. அட்டைப்பெட்டியின் மேல் 'சப்பாத்தி பிரஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். வாங்கிப் போன அம்மாள் மூன்றாம் நாள் வந்து, "அழுத்தினால் விரிகிறது, மூடியைத் தூக்கினால் சுருங்கிவிடுகிறது, என்ன சாமான் கொடுத்தீர்கள்?" என்று கேட்பார். பிரஸ்ஸில் பழுது இருக்காது. அதை விற்ற விதத்தில்தான் கோளாறு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் காலணித் தொழிற்சாலைக்கும் தோல் பதனிடும் ஆலைக்கும் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகிறார்கள். கம்பெனி வண்டி வருமுன் சமையலை முடித்து டப்பா கட்டியாக வேண்டும். பத்து நிமிடம் மிச்சமாகும் என்று எண்ணித்தான் கூலிப் பணத்தில் இதை வாங்குகிறார்கள். வாங்கியது பரணுக்குப் போனால், அடுத்த மாதம் குக்கர் வாங்க அவர் நம் கடைப் படி ஏறமாட்டார்.

விஷயம் மாவில் இருக்கிறது. கோதுமை மாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் குளூட்டன் என்னும் பசையாகி, ரப்பர் போல இழுவை கொடுக்கும். பூரிக்கட்டையால் பல திசையிலும் மெல்ல மெல்லத் தேய்க்கும்போது அந்த இழுவை சிறிது சிறிதாகத் தளரும். பிரஸ் ஒரே அமுக்காக அமுக்குவதால் மாவு பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். வட்டம் சுருங்கும், கனம் கூடும்.

இந்த ஜாதிப் பிரஸ் அதிகம் புழங்கும் மெக்சிகோ நாட்டிலும் இதே கதைதான். அங்கே மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்து, உருண்டை பிடித்து, இரும்பு அல்லது மரப் பிரஸ்ஸில் அழுத்தி டார்ட்டில்லா என்னும் ரொட்டி சுடுகிறார்கள். மக்காச்சோளத்தில் குளூட்டன் கிடையாது. அழுத்திய வட்டம் அழுத்தியபடியே நிற்கும். அந்நாட்டின் வடபகுதியில் கோதுமை மாவில் செய்யும் டார்ட்டில்லாவையோ கட்டையால் தேய்க்கிறார்கள், அல்லது கையால் இழுத்து விரிக்கிறார்கள்.

நம் வட்டாரத்துக்கு இதில் நல்ல செய்தி உண்டு. கேழ்வரகிலும் குளூட்டன் இல்லை. கொதிநீர் விட்டுப் பிசைந்த கேழ்வரகு மாவை எண்ணெய் தடவிய இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் ஓரம் வெடிக்காமல் ரொட்டி கிடைக்கும். கையால் தட்டுவதைவிட வேகம். சோள ரொட்டி, அரிசி ரொட்டி, தீபாவளித் தட்டை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தட்டையில் கடலைப்பருப்பை நன்றாக ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள். ஊறாத பருப்பு பிரஸ்ஸை முழுதாக மூடவிடாது. பூரிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். பூரி கோதுமைதானே என்பீர்கள். அது சிறிய வட்டம், சற்றுக் கனமும் வேண்டும், அழுத்தியவுடன் எண்ணெயில் விழுந்துவிடும். கொஞ்சம் சுருங்கினாலும் குறையாகத் தெரியாது.

சப்பாத்திக்குத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவரிடம், வெந்நீரில் இளக்கமாகப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைத்தால் சுருக்கம் குறையும். அப்போதும் கடைசியில் கட்டையால் இரண்டு தேய்ப்புத் தேவைப்படும் என்று சொல்லிவிட வேண்டும்.

கொள்முதல் செய்யும்போது வேலூர் லாங் பஜாரில் மொத்தக் கடையின் வாசலிலேயே சோதித்து எடுப்பது நல்லது. தட்டுகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒரு பக்கம் மட்டும் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கலாம். கீலைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. முக்கியமாகக் கைப்பிடியைத் தாங்கும் காதைக் கவனியுங்கள். அலுமினிய வார்ப்பில் முதலில் உடைவது அந்த இடந்தான். காது மெல்லியதாகவோ, வார்ப்பில் பொத்தல் விழுந்தோ இருந்தால் அந்த லாட்டே வேண்டாம். கீல் ஊசி எஃகாக இருந்து, தனியாகவும் கிடைக்குமானால் நல்லது. வார்ப்பிரும்புப் பிரஸ் கனமானது, ஆடாது, ஆனால் துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். பூரிக்கும் தட்டைக்கும் 6 அங்குலத் தட்டு போதும், ரொட்டிக்கு 8 அங்குலம் தேவை. எந்தப் பிரஸ்ஸிலும் கீல் பக்கம் சிறிது கனமாகத்தான் விழும். பாதி திருப்பி வைத்து இன்னொரு முறை இலேசாக அழுத்தினால் சரியாகிவிடும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி விற்றாலே பாதிப் புகார் வராது.

மின்சார ரொட்டி மேக்கர் வேறு சாதி. சூடான தட்டுகளுக்கு நடுவே அழுத்துவதால் மாவு வழக்கத்தைவிடத் தளர்வாக இருக்க வேண்டும்; அழுத்தமும் ஒரு நொடிதான். தாமதித்தால் அப்பளம்போல் விறைத்துவிடும். 900 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். அதே நீட்டிப்புப் பலகையில் மிக்சியையும் சொருகக் கூடாது என்று எச்சரியுங்கள். எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் இல்லாததை வாங்காதீர்கள்.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளுக்கு இல்லாத பயனை உண்டென்று சொல்லி விற்பதை இச்சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராததும் அப்படியே. பழுதான சரக்கைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுப்பதும் அதே கணக்கில் சேரும். பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம். ஆகவே 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை பழுதான பொருள் விஷயத்தில் நம்மைக் காப்பாற்றாது. 86-ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. கைப்பிடி உடைந்து விரல் நசுங்கினால், தயாரித்தவர் யாரென்றே தெரியாத நிலையில் விற்ற கடைக்காரர் பொறுப்பாளியாகலாம். தயாரிப்பாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை அச்சிடாத பெட்டியை ஐம்பது ரூபாய் குறைவு என்று எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொள்முதல் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

கடையில் ஒரு பிரஸ்ஸைப் பிரித்து மேஜைமேல் வைத்து, பக்கத்தில் கேழ்வரகு மாவுப் பொட்டலங்களை அடுக்கலாம். வாடிக்கையாளர் 'சப்பாத்திக்கா?' என்று கேட்டால், பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டாமல், "வீட்டில் எந்த மாவு அதிகம் போடுவீர்கள் அம்மா?" என்று நாம் முதலில் கேட்போம். கோதுமை மட்டுமே என்றால் நல்ல கட்டையும் மணையும் எடுத்துக் காட்டுவோம். அவற்றிலும் நமக்கு லாபம் உண்டு.