ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. பாதி ஞாயிறுகளில் ஆராதனைக்குப் போக முடிவதில்லை. “பின்மாற்றத்தில் விழுந்துவிட்டாய்” என்கிறார் மாமியார். அப்படியா?
- ஒரு வாசகி, ஆவடி

பதில்: இல்லை, சகோதரி. முதல் முந்நூறு ஆண்டுகள் கிறிஸ்தவர்களுக்கும் ஞாயிறு வேலைநாள்தான். பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக்கியது கி.பி. 321இல். அதற்கு முன் என்ன செய்தார்கள்? கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் விடை இருக்கிறது: குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைப் பாடிவிட்டுக் கலைந்தார்கள். பிளினி சித்திரவதை செய்து விசாரித்த இருவர் அடிமைப் பெண்கள். சபை ஊழியம் செய்தவர்கள். அவர்களுக்கு யார் வாராந்திர விடுப்பு கொடுத்திருப்பார்கள்?

வளைகுடாவில் நம் தமிழ்ச் சபைகள் பல வெள்ளிக்கிழமை கூடியதும் இதே காரணத்தால்தான். கத்தோலிக்கருக்குச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியே ஞாயிறு கடமைக்குப் போதும்.

ஆனால் ஓவர்டைமுக்காக நீங்களே ஞாயிறைக் கேட்டு வாங்கினால், கிடைத்த ஞாயிறையும் தூங்கிக் கழித்தால், மாமியார் பக்கமும் நியாயம் உண்டு. மற்றபடி வாரநாள் ஜெபக்கூட்டம் ஒன்றைப் பிடியுங்கள். மத்தேயு 18:20 கேட்பது இரண்டு மூன்று பேரைத்தான். கம்பெனி பஸ்ஸிலேயே தேறுவார்கள்.