ஏழைக்கு எதற்குக் கார்?

அன்பு மகளே,

"கார் வைத்திருப்பவர் எப்படி ஏழையாவார், பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்க வறுமையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவளுக்கு வரவேண்டிய சந்தேகம்தான். நம்மூரில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டுகிறவரை யாரும் வசதிக்காரர் என்பதில்லை. இங்கே அமெரிக்காவில் காரும் அப்படித்தான். நியூயார்க் போன்ற சில நகரங்களை விட்டுவிடு. மற்ற இடங்களில் வீடு ஒரு பக்கம், வேலை இருபது மைல் தள்ளி. நடுவில் பஸ் இருந்தால் அதிர்ஷ்டம்.

டெட்ராய்ட்காரர் ஒருவரைப் பற்றி 2015-இல் செய்தித்தாளில் வந்தது. அவருடைய பழைய ஹோண்டா 2005-இல் படுத்துவிட்டது. அவர் வேலை செய்த தொழிற்சாலை இருந்த புறநகரோ, பஸ் சேவையே வேண்டாமென்று விலகிக்கொண்ட ஊர். பஸ் போகிறவரை பஸ், மிச்சமெல்லாம் நடை: வேலைக்குப் போய்வர 21 மைல், கிட்டத்தட்ட 34 கிலோமீட்டர் நடந்தார், பனிக்காலத்திலும். மணிக்குப் பத்து டாலர் சொச்சம் சம்பளத்தில் இன்னொரு கார் வாங்கிப் பராமரிக்க வழியில்லை. செய்தியைப் படித்தவர்கள் சுமார் மூன்றரை லட்சம் டாலர் திரட்டினார்கள். ஒரு விற்பனையாளர் புதுக் காரே கொடுத்தார். நடந்தே போனவர் வேலைக்கு மட்டம் போடாததை ஊரே மெச்சியது. பஸ் ஏன் இல்லை என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அரசின் வாடகை உதவி பெற்ற குடும்பங்களை வைத்து அர்பன் இன்ஸ்டிட்யூட் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கார் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு, அதில் நிலைக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு என்றது. அவர்கள் குடியேறிய பகுதிகளும் மேலானவை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கார் வாங்க முடிந்தவருக்கு வேறு சில வசதிகளும் முன்பே இருந்திருக்கலாம்.

ஆனால் கார் இருந்தால் மட்டும் போதாது, ஓட வேண்டும். ஜனவரிக் காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வரும்; ஸ்டார்ட் ஆகாது. அன்று தாமதம், சம்பளம் போச்சு. அடிக்கடி நடந்தால் வேலையே போகும். மாலையில் குழந்தையைக் காப்பகத்திலிருந்து அழைக்கத் தாமதமானால், நிமிடக் கணக்கில் அபராதம் போடுகிற இடங்களும் உண்டு. கியர்பாக்ஸ் போனால் செலவு பல சமயம் காரின் விலையையே தாண்டும்.

வங்கிக் கடன் கிடைக்காதவர்கள், விற்கிறவரே கடனும் தரும் பழைய கார் கடைகளுக்குப் போகிறார்கள். வட்டி 20 சதவீதத்தைத் தொடுவது அங்கே அதிசயமில்லை. சில கார்களில் ஒரு கருவியைப் பொருத்தியிருப்பார்கள். தவணை தவறினால் எங்கோ உட்கார்ந்துகொண்டே வண்டியைக் கிளம்பவிடாமல் செய்யலாம். கார் பறிபோன பிறகும் மிச்சக் கடன் கழுத்தில் நிற்கும்.

வேலையோடு முடிகிற விஷயமும் அல்ல. 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் கால்வாசிக்கும் மேற்பட்ட வீடுகளில் கார் இல்லை. ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள், எதில் போவது?

ஆகவே உன் கட்டுரையில் "கார் உண்டா?" என்பதோடு நிற்காதே. எத்தனை வருடப் பழசு, வட்டி எவ்வளவு, காப்பீட்டுக்கு மாதம் என்ன போகிறது, ரிப்பேருக்குக் கையில் ஏதாவது இருக்கிறதா என்பதையெல்லாம் தேடிப்பார். வெர்மான்டில் 'குட் நியூஸ் கராஜ்' என்ற அமைப்பு 1996 முதல் தானமாக வரும் கார்களைப் பழுதுபார்த்து ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. பழுதுபார்த்த பிறகே கொடுக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா