சினையான சிறுத்தைப் பல்லியும் இரண்டு முட்டைகளும்

கடைகளில் லெப்பர்ட் கெக்கோ என்று சொல்லும் சிறுத்தைப் பல்லி, ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டைதான் இடும். ஆனால் ஒருமுறை ஆணோடு சேர்ந்துவிட்டால் விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, அந்தப் பருவம் முழுக்கச் சில வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஈட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்து தாயின் உடம்பிலிருந்துதான் போகிறது. தீனியில் அது குறைந்தால் எலும்பு கரையும், கால் வளையும். அதனால் இன்குபேட்டர் விலையை விசாரிக்கும் முன்பு தாயைக் கவனியுங்கள். ஒரு வயது நிரம்பாத, 45 கிராம் எடைக்குக் குறைந்த பெண்ணை ஆணோடு விடவே கூடாது. சேர்ந்த பிறகு ஆணை வேறு பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்; தொடர்ந்து துரத்தினால் பெண் இளைத்துப்போகும்.

சினையா என்று பார்க்க, அதை ஒரு கண்ணாடி டப்பாவில் விட்டு அடியிலிருந்து வயிற்றைப் பாருங்கள். இரு பக்கமும் வெள்ளையாக, நீள்வட்டமாக முட்டைகள் தோலுக்குள் தெரியும். விரலால் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

இந்த நாள்களில் தினமும் தீனி வையுங்கள். கிரிக்கெட் பூச்சிக்கோ கரப்பானுக்கோ முதல் நாளே கேரட், கீரை கொடுத்துவிட்டு, போடும்போது டி3 கலந்த கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். அது போக, ஒரு பாட்டில் மூடியில் வெறும் கால்சியம் பொடி எப்போதும் பெட்டிக்குள் இருக்கட்டும். வேண்டியபோது தானே நக்கிக்கொள்ளும். பெட்டியின் ஒரு பக்கத் தரை 32 டிகிரி அளவில் சூடாக இருந்தால்தான் தின்றது செரிக்கும். முட்டையிடுவதற்குச் சில நாள் முன்பு தீனியைத் தொடாது. வால் பருமனாக இருக்கும்வரை பயப்பட வேண்டாம்.

முட்டையிட ஓர் இடம் வேண்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் உடல் நுழையும் அளவுக்குப் பக்கத்தில் ஒரு துளை போட்டு, உள்ளே ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈரத் தென்னை நார்த்தூளை நிரப்புங்கள். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. அதைச் சூடான பக்கமாக வையுங்கள். இரவில் தோண்டும், காலையில் இடுப்பு ஒட்டிப்போயிருந்தால் முட்டை வந்துவிட்டது என்று பொருள். நாள்கணக்கில் தோண்டியும் முட்டை வராமல் முக்கினாலோ, சோர்ந்து கண் உள்வாங்கிக் கிடந்தாலோ, அன்றைக்கே ஊர்வன பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். வீட்டில் வயிற்றை நீவி வெளியே தள்ளப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடைந்து தாய் செத்துப்போகும்.

அடைக்கோழி முட்டையைப் புரட்டிவிடும். அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. இட்ட ஒரு நாளைக்குள் கரு முட்டையின் மேல்பக்க ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு புரண்டால் கரு இறக்கலாம். எனவே கண்டவுடன் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கிடந்த கிடையிலேயே எடுங்கள். இரண்டும் ஒட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம்.

நர்சரிகளில் கிடைக்கும் வெர்மிகுலைட்டையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து சிறு டப்பாவில் நிரப்பி, முட்டையைப் பாதி புதைத்து வையுங்கள். அளவுக்குத் தம்ளர் வேண்டாம், சமையலறைத் தராசே சரி. மூடியோடு டப்பாவின் எடையைக் குறித்துக்கொண்டால், எடை குறையக் குறைய ஓரமாகத் தண்ணீர் விட்டு ஈடுகட்டலாம். முட்டையின் மேல் விடக்கூடாது. வாரம் ஒருமுறை திறந்து மூடினால் காற்று மாறும்.

அடுத்தது வெப்பம். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை இந்த இனத்தில் இதுதான் முடிவு செய்கிறது. 26 முதல் 28 டிகிரியில் பெரும்பாலும் பெண். 32 டிகிரியை ஒட்டி ஆண் அதிகம். 34க்குப் போனால் மறுபடி பெண். ஆனால் அந்தச் சூட்டில் பிறந்த பெண்கள் முரட்டுத்தனமாக இருக்கும், சில முட்டையிடாமலே போகும், அதற்கும் மேல் கரு சாகும். என் பரிந்துரை 28. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டுமே தெரியும், குளிரவைக்கத் தெரியாது. சென்னையில் மே மாதம் அறையே 34 டிகிரி என்றால் பெட்டிக்குள் 28 வராது. ஏசி உள்ள அறையில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டை மட்டும் நம்பாமல், முட்டைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து, இருட்டறையில் முட்டையை அசைக்காமல் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவந்து நரம்பு ஓடினால் கரு உண்டு. ஒரே மஞ்சளாக இருந்தால் சந்தேகம்தான், ஆனாலும் அழுகும்வரை தூக்கிப் போடாதீர்கள். ஓடு குழிந்தால் ஈரம் போதவில்லை.

28 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். முட்டை வியர்த்துத் தளரும். குஞ்சு ஓட்டைக் கீறித் தலையை நீட்டி, சில சமயம் ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கும். மிச்ச மஞ்சள் கரு உடலுக்குள் இழுபடும் நேரம் அது. பிடித்து இழுக்காதீர்கள். வெளியே வந்ததும் ஈர டிஷ்யூ விரித்த தனித்தனி டப்பா. சேர்த்து வைத்தால் வாலைக் கடித்துக்கொள்ளும். சில நாளில் முதல் தோலை உரித்த பிறகுதான் இரை எடுக்கும். அதன் தலை அகலத்துக்கு மேற்படாத சின்னப் பூச்சியாகக் கொடுங்கள்.

இது 15, 20 வருடம் வாழக்கூடிய பிராணி. குஞ்சுகளை வாங்கி ஒழுங்காக வளர்க்க ஆள் இல்லையென்றால், இட்ட அன்றே முட்டைகளை ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், அடுத்த பருவம் ஆணைக் கிட்டவே விடாதீர்கள்.