தீம் பார்க் கிளம்புறீங்களா?

குழந்தைகளோடு ஈ.சி.ஆர். பக்கமோ மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்கோ போகும் முன் சில குறிப்புகள்:

• பல பூங்காக்களில் டிக்கெட்டுக்கும் ரைடுக்கும் வயதல்ல, உயரமே கணக்கு. பிள்ளையைச் சுவரோரம் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். ஏற முடியாத ரைடுகளை வீட்டிலேயே சொல்லிவிட்டால், வரிசையில் நின்றபின் அழுகை வராது.

• சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் போங்கள். கதவு திறக்கும்போதே உள்ளே போய், கூட்டம் சேரும் பெரிய ரைடுகளை முதலில் முடியுங்கள். உச்சி வெயிலுக்குத் தண்ணீர் விளையாட்டு.

• தண்ணீரில் இறங்க நைலான் உடைதான் வசதி. பருத்தி ஈரத்தில் கனக்கும், பல இடங்களில் அனுமதியும் இல்லை. மாற்றுத்துணி, துண்டு, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை அவசியம்.

• வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு சுழலும் ரைடில் ஏற்றாதீர்கள். காலையில் இரண்டு இட்லி போதும். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத இடங்கள் உண்டு, முன்கூட்டியே கேளுங்கள்.

• வாசலிலேயே பிள்ளையை ஒரு போட்டோ எடுங்கள். தொலைந்தால், "என்ன கலர் சட்டை?" என்று தடுமாற வேண்டாம். அழியாத மார்க்கரில் முன்கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். "வழி தவறினால் நின்ற இடத்திலேயே நில்லு, யூனிஃபார்ம் போட்டவங்ககிட்ட சொல்லு" என்று சொல்லி வையுங்கள்.

• அலைக்குளத்தில் லைஃப்கார்டு இருந்தாலும், கை எட்டும் தூரத்தில் நீங்களும் இருங்கள். போன் லாக்கரில் இருக்கட்டும்!