பெல்ட்டா, பயிற்சியா?

கேள்வி: மகன் டேக்வாண்டோ கற்கிறான். அடிக்கடி பெல்ட் டெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். இதெல்லாம் தேவைதானா?

பதில்: கலை அருமையானது. சிட்னியில் 2000-ல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. உதையே இதன் உயிர். உடல் வளைந்து கொடுக்கும், சமநிலை வரும். ஆனால், ஒலிம்பிக் பாணிப் போட்டியில் முகத்தில் குத்த அனுமதி இல்லை. எனவே தற்காப்புக்கு அந்தப் பயிற்சி மட்டும் போதாது.

கலர் பெல்ட்டைப் பயிற்சிக்கூடமே தருவதால் தரம் இடத்துக்கு இடம் மாறும். கருப்பு பெல்ட்டுக்கு, 1972-ல் சியோலில் தொடங்கிய குக்கிவோன் அமைப்பின் சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அது ‘பூம்’ என்றே வழங்கப்படும்.

அடுத்த டெஸ்ட்டை நேரில் பாருங்கள். சுழற்றி உதைக்கும்போது ஊன்றிய காலின் குதிகால் திரும்புகிறதா, திரும்பாவிட்டால் மாஸ்டர் திருத்துகிறாரா, தயாராகாத பிள்ளையைக் காத்திருக்கச் சொல்கிறாரா? இவை இருந்தால் தாராளமாகக் கட்டணம் கட்டுங்கள். பணம் கட்டிய எல்லோருக்கும் பெல்ட் என்றால், வேறு மாஸ்டரைத் தேடுங்கள்.