திருக்கோளூர் வழி

திருவாய்மொழி ஆறாம் பத்தின் ஏழாந் திருவாய்மொழி, நம்மாழ்வார் தாய் பேசும் பாசுரங்களாகத் திருக்கோளூர் எம்பெருமான் விஷயத்தில் அருளிச்செய்தது. மகள் வீட்டில் காணப்படவில்லை. அவள் சென்ற இடம் திருக்கோளூரே என்பதில் தாய்க்கு ஐயமில்லை. அவள் கவலையெல்லாம், வளர்த்த பறவைகளையும் விளையாட்டுப் பொருள்களையும் மறந்து போன மெல்லியலாள் கண்ணீர் மல்க எவ்வாறு வழி நடப்பாள் என்பதே. அங்குள்ள சோலையையும் தடாகத்தையும் திருக்கோயிலையும் கண்டு எங்ஙனம் உள்ளம் குளிர்வாள் என்றும் ஒரு பாசுரத்தில் நினைந்து உருகுகிறாள்.

முதலில் சோலை, பின்பு தடாகம், அதன் பின்னரே கோயில். நடந்து வருவோர்க்கு ஊர் தோன்றும் முறை இதுவேயன்றோ? இந்நாளில் வாடகை வண்டி அமர்த்தி, நவதிருப்பதி ஒன்பதையும் நடை சாத்துமுன் ஒரே நாளில் முடித்துவிட விரையும் அன்பர்கள் பலர். அவர்களுக்குச் சோலையும் இல்லை, தடாகமும் இல்லை. கோயில் வாசல் மட்டுமே கிட்டுகிறது. முதியோரும் நோயுற்றோரும் வண்டியில் வருவதைக் குறை கூறலாகாது. நடக்க வல்லாரும் ஓடுவதே வருந்தத்தக்கது.

ஆழ்வாரின் அவதாரஸ்தலமான ஆழ்வார்திருநகரியிலிருந்து திருக்கோளூர் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தூரமே. விடியற்காலையில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் மரக்காலைத் தலைக்கு வைத்துச் சயனித்திருக்கும் வைத்தமாநிதிப் பெருமாளை ஸேவிக்கலாம். மதுரகவியாழ்வார் அவதரித்த ஊரும் இதுவே. வடநாட்டு யாத்திரை சென்றிருந்த அவர், தென்திசையில் தோன்றிய ஓர் ஒளியைப் பின்பற்றி நெடுந்தூரம் நடந்து வந்து, திருப்புளியடியில் தம் ஆசாரியனைக் கண்டார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. பாரதம் முழுதும் கடந்து அவர் தேடி அடைந்த பொருள், பிறந்த ஊருக்கு அடுத்த ஊரில் இருந்தது!

இவ்வூர் எல்லையிலேதான் எம்பெருமானார் எதிரே ஒரு பெண்பிள்ளை வந்தாள். எல்லோரும் புகும் ஊரினின்று நீ புறப்படுவதேன் என்று அவர் வினவ, அக்ரூரர், விதுரர், ரிஷிபத்தினிகள் எனத் தொடங்கி 81 வார்த்தைகளில் அடியார்களின் செயல்களை எடுத்துக்கூறி, இவற்றுள் ஒன்றையேனும் தான் செய்ததில்லையே என்றாள். உடையவர் வழியில் நின்று 81-ஐயும் செவிமடுத்தார். பின்னர் அவள் மனைக்கு எழுந்தருளி அமுதும் செய்தார் என்பர். அவருக்கும் அன்று ஸேவிக்க வேண்டிய ஸந்நிதி முன்னே இருந்தது.

தாமிரபரணியின் வடகரையில் ஸ்ரீவைகுண்டம், வரகுணமங்கை, திருப்புளிங்குடி ஆகிய மூன்றும் நடந்தே ஸேவிக்கத்தக்க அண்மையில் உள்ளன. முதலாவதில் நின்ற திருக்கோலம், அடுத்ததில் வீற்றிருந்த திருக்கோலம், மூன்றாவதில் கிடந்த திருக்கோலம். ஆழ்வார் இம்மூன்றையும் ஒரே பாசுரத்தில் சேர்த்து அநுபவித்திருக்கிறார். நடந்து செல்வார்க்கு ஒரு காலைப்பொழுதில் அப்பாசுரம் முழுதும் கண்ணெதிரே விரியும்.

திருப்புளிங்குடியில் ஒன்று நினைவிற் கொள்ளவேண்டும். காய்சினவேந்தப் பெருமாளின் நெடிய திருமேனியை ஸந்நிதியில் நின்று ஸேவித்தவுடன் பலர் திரும்பிவிடுகின்றனர். திருவடிகளை ஸேவிக்கப் பிராகாரத்தின் வழியே வலம் வரவேண்டும். அங்கே சுவரில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. கண்கள் உள்ளிருளுக்குப் பழகச் சற்று நேரமாகும்.