எரிந்த பிஸ்டனைத் தூக்கி எறியாதீர்கள்

ஜெட் ஸ்கீ இஞ்சின் ஜாமாகிவிட்டது என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது பழைய பிஸ்டனைத்தான். பாதிப் பேர் அதை முந்தைய பட்டறையின் இரும்புக் குப்பையிலேயே விட்டுவிட்டு, கையில் புதுப் பெட்டியோடு நிற்பார்கள். என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பழைய பிஸ்டன்தான்.

சுங்கைப்பட்டாணிப் பக்கம் எங்களுக்கு அன்றாட வேலை ஆர்எக்ஸ்இஸட் மோட்டார் சைக்கிளும் தோட்டத்துப் புல் மிஷினும்தான். மெர்போக் ஆறும் தஞ்சோங் டாவாயும் பந்தாய் மெர்டேக்காவும் கிட்டத்தில் இருப்பதால் ஜெட் ஸ்கீயும் வந்து சேரும். லங்காவியில் வாடகைக்கு ஓடுபவை அனேகமாகப் புதிய ஃபோர் ஸ்ட்ரோக். இங்கே வருவது பழைய டூ ஸ்ட்ரோக், அதிலும் யமஹா 701 சிசி. இரண்டு சிலிண்டர், 81 மி.மீ. போர். சூப்பர்ஜெட் என்ற மாடலில் இந்த டூ ஸ்ட்ரோக்கை யமஹா 2020 வரை விட்டுவைத்திருந்தது. ஆகவே இன்னும் பல வருடம் நம் ஆற்றில் இது புகை விட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பீடோங் தம்பி ஒருவர் கொண்டுவந்த வண்டிதான் இதை எழுத வைத்தது. "அண்ணே, பிஸ்டன் மாத்திக்கிட்டே இருக்கேன். கொஞ்ச நாள் ஓடுது, திரும்பப் பிடிச்சுக்குது" என்றார். போன இடத்திலெல்லாம் மேல்பாகத்தை மட்டும் கழற்றி, போர் போட்டு, பிஸ்டன் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வேளையாகப் பழையதையெல்லாம் ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்தார். "இதெல்லாம் எந்தச் சிலிண்டர்?" என்று கேட்டேன். எல்லாமே முன் சிலிண்டர்.

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. பெட்ரோல் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து எரிந்திருக்கும், ஏனென்றால் டேங்க் ஒன்றுதான். ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப எரிகிறது என்றால் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது: அதன் கார்புரேட்டர், அதன் ஆயில் குழாய், அல்லது அந்தப் பக்கத்துக் கிராங்க் சீல்.

பிஸ்டனைப் படிப்பது கஷ்டமில்லை. சுற்றிலும் நான்கு இடத்தில் சமமாகக் கீறியிருந்தால், இஞ்சின் சூடாவதற்கு முன்பே முழு வேகம் கொடுத்திருக்கிறார்கள், அல்லது போர் இறுக்கமாகப் போட்டிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நெடுக்காக உரசி அலுமினியம் வழித்திருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது காற்று அதிகமாகிப் பெட்ரோல் குறைந்திருக்கிறது. தலையில் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே நாக்கிங். தம்பியின் டின்னில் இருந்தவை எல்லாம் இரண்டாவது ரகம். கூடவே இன்னொன்றும் சொன்னார்: திராட்டிலை விட்ட பிறகும் இஞ்சின் வேகம் உடனே இறங்காதாம். எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

அதைப் பிடிக்க வெளிநாட்டுக் கருவி எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய மீட்டர் போதும். அதன் முள் 300 வரை போகும், அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ. இந்தச் சோதனைக்கு அவ்வளவுதான் தேவை. கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, உறிஞ்சும் வாயையும் எக்ஸாஸ்ட் வாயையும் ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து இறுக்க வேண்டும். பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் பல்ஸ் குழாயை அடைக்க மறக்கக் கூடாது. பிறகு மீட்டரின் பந்தை அமுக்கிக் காற்றேற்றி, சவர்க்கார நுரை தடவிப் பார்க்க வேண்டும். முள் ஒரு நிமிடத்தில் 50-க்கு மேல் இறங்கினால் விடக் கூடாது. இந்த வண்டியில் முள் நிற்கவே இல்லை. முன் சிலிண்டர் பக்கத்து ஃபிளைவீலைக் கழற்றியதும் அதற்குப் பின்னால் இருந்த கிராங்க் சீலில் நுரை கொப்பளித்தது. அந்தச் சீலின் உதடு கல்லாகிப் போயிருந்தது.

இந்த வகை இஞ்சினில் அந்தச் சீலை மாற்ற இஞ்சினை வெளியே தூக்கி, கிராங்க்கேஸையே பிளக்க வேண்டும். வேலை அதிகம் என்பதால்தான் யாரும் அதன் கிட்டே போகவில்லை. சீலின் விலையோ பிஸ்டன் செட்டில் சிறு பங்கு.

பிளந்த பிறகு சீலோடு நிறுத்தவும் முடியாது. முந்தைய ஜாம்களில் உதிர்ந்த அலுமினியத் துகள் கிராங்க் பேரிங்கில் ஒளிந்திருக்கும். அதைக் கழுவி எடுக்காமல் புது பிஸ்டன் போடுவது வீண். டயல் கேஜ் வைத்துக் கிராங்க் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரின் டயாஃப்ராம், ஊசி வால்வு, வெடித்த பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவது உத்தமம். புல் மிஷின் கார்புரேட்டரைக் கழற்றத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும், இரண்டும் டயாஃப்ராம் இனம்தான். கடைசியில் திரும்ப அதே காற்றுச் சோதனை. முள் நின்ற பிறகுதான் இஞ்சின் படகுக்குள் இறங்கலாம். இறக்கும்போது கப்ளிங் இரண்டும் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் அடுத்து பின்பக்கச் சீல் போகும்.

ஆயில் விஷயத்தில் பழைய பம்ப்பை நான் நம்புவதில்லை. 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில், அளவு போத்தலில் அளந்து கலக்கச் சொல்வேன். தோட்டத்தில் புல் மிஷினுக்குக் கண் மதிப்பில் ஊற்றுகிற பழக்கம் இங்கே உதவாது.

கடலில் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவும்போதும் ஒரு வரிசை உண்டு. முதலில் இஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு இஞ்சின். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறும். கரையோரச் சேற்றில் ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். இஞ்சினைக் குளிர்விப்பது பம்ப் உறிஞ்சும் அதே தண்ணீர்தான், மணலும் சேறும் அதோடு போய்க் குழாயை அடைக்கும். இடுப்பளவு ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போங்கள்.

பழைய டூ ஸ்ட்ரோக் வாங்க நினைக்கும் தம்பிகளுக்கு: விலை பேசும் முன் திராட்டிலை முழுக்கத் திறந்து இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், "இப்பதான் பிஸ்டன் மாத்துனேன்" என்று அவர் எவ்வளவு சொன்னாலும் வாங்காதீர்கள்.